பரவைக்கடலுக்கு 24 ஃப்ளைகள்: ஒரு தொகுப்புப் பெட்டியின் மதிப்பீடு

போன்ஃபிஷ் என்ற கடல்மீனைப் பிடிப்பதற்கென்றே தேர்ந்தெடுத்தவை என்ற அறிவிப்போடு விற்கப்படும் 24 ஃப்ளைகள் (தூண்டிலுக்கான போலி இரைகள்) கொண்ட பெட்டி ஒன்றைச் சென்ற குளிர்காலத்தில் 84 டாலர் கொடுத்து வாங்கினேன். மயாமியில் வசிக்கும் நான் ஒன்பது ஆண்டுகளாக எனக்கு வேண்டிய ஃப்ளைகளை நானே கட்டிக்கொள்கிறேன். ஆகவே இதை எனக்காக வாங்கவில்லை. பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவுக்கு என்னோடு வரவிருந்த மைத்துனர், தூண்டில் வீசுவதில் என்னைவிடக் கைதேர்ந்தவர் என்றாலும், ஃப்ளை கட்டப் பழகாதவர். அவருக்கு நானே கட்டிக் கொடுத்திருக்கலாம். ஆனால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இத்தகைய பெட்டி ஒன்றோடுதான் கடலுக்குள் இறங்குகிறார்கள் என்பதால், அது அவர்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை அருகில் இருந்து பார்க்க விரும்பினேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இதே வகைகளை ஏறத்தாழ இதே விகிதத்தில் அடுக்கிய பெட்டிகள் பல இடங்களில் கிடைக்கின்றன. நான் கண்ட முக்கியமான குறையும் ஒரு கடைக்காரரின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று; அத்தகைய பெட்டிகள் எந்த எண்ணத்தோடு நிரப்பப்படுகின்றனவோ அந்த எண்ணத்திலேயே அது இருக்கிறது. ஆண்ட்ரோஸில் ஐந்து நாட்களும், திரும்பிய பிறகு மயாமியை ஒட்டிய பிஸ்கெய்ன் விரிகுடாவில் நான்கு வார இறுதிகளும் இவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பின்பே இதை எழுதுகிறேன்.

இந்த மீன்பிடி முறையை அறியாதவர்களுக்காகச் சிலவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஃப்ளை என்பது தூண்டில் முள்ளின் மீது இறகு, மயிர், செயற்கை நார் ஆகியவற்றை நூலால் கட்டிச் செய்யும் போலி இரை. ஆற்று மீன்களை ஏமாற்றப் பூச்சிகளின் சாயலில் செய்யப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. கடலுக்கு வந்தபோது அது இறாலாகவும் நண்டாகவும் சிறு மீனாகவும் உருமாறியது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஃப்ளைக்குத் தனியே எறியத்தக்க கனம் கிடையாது. தடித்த கயிறு ஒன்றை வீசி, அந்தக் கயிற்றின் விசையில் அதைக் கொண்டுபோய் நீரில் இறக்க வேண்டும். அமெரிக்கர்கள் ஃப்ளாட்ஸ் என்று அழைக்கும் கடற்பரப்பு, யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்குப் பரவைக்கடல் என்றால்தான் மனத்தில் விரிகிறது: கணுக்கால் முதல் இடுப்பு வரை மட்டுமே ஆழமுள்ள, மணலும் கடற்புல்லும் கண்டல் மரங்களுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் தெளிந்த நீர். அங்கே மீன் நம் கண்ணுக்குத் தெரியும். மீனின் கண்ணுக்கு நாமும் தெரிவோம். 1947இல் மீன்பிடி எழுத்தாளர் ஜோ புரூக்ஸ், ஜிம்மி ஆல்பிரைட் என்ற வழிகாட்டியோடு ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் இஸ்லமொராடாவில் போன்ஃபிஷைத் தேடிச் சென்று ஃப்ளையால் பிடித்துக் காட்டிய பிறகே இது தனிக் கலையாக வளரத் தொடங்கியது.

போன்ஃபிஷ் தரையைக் கிளறி உண்ணும் மீன். அதன் வாய் மூக்குக்குக் கீழே, தரையைப் பார்த்தவாறு அமைந்திருக்கிறது. மணலுக்குள் நீரைப் பீய்ச்சி, புதைந்திருக்கும் இறாலையும் நண்டையும் சிப்பியையும் வெளிக்கொணர்ந்து, தொண்டையிலுள்ள கடினமான தகடுகளால் நொறுக்கி விழுங்கும். நீர் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் தலையைத் தாழ்த்தி அது மேயும்போது வெள்ளி நிற வால் நீருக்கு மேலே எழுந்து ஆடும். சுறாவும் பாராக்குடாவும் பருந்தும் துரத்தும் அந்த ஆழமற்ற நீருக்குள் இரைக்காக மட்டுமே துணிந்து வரும் அந்த மீன், சிறு சலசலப்பைக் கேட்டாலும் ஓடிவிடும். ஆகவே ஒரு ஃப்ளையைக் கையில் எடுத்தவுடன் நான் கேட்பது அது இறாலைப் போல இருக்கிறதா என்பதை அன்று. அது நீரில் எவ்வளவு ஓசையோடு விழும், விழுந்தபின் எவ்வளவு நேரத்தில் தரையைத் தொடும் என்ற இரண்டும்தான் எனக்கு முதலில் தெரிய வேண்டியவை. நிறமும் வடிவும் அவற்றுக்குப் பின்னரே வருகின்றன. இந்தப் பெட்டியை நான் அளந்து பார்த்த அளவுகோலும் இதுவே.

பெட்டியில் காட்சா ஆறு, கிரேஸி சார்லி ஆறு, க்ளவுசர் மின்னோ நான்கு, ரப்பர் கால்கள் வைத்த மான்டிஸ் இறால் நான்கு, மெர்கின் நண்டு நான்கு என ஐந்து வகைகள் இருந்தன. நண்டுகள் 2ஆம் எண் முள்ளிலும் மற்றவை அனைத்தும் 4ஆம் எண் முள்ளிலும் கட்டப்பட்டிருந்தன. எண் கூடக் கூட முள் சிறியதாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். போன்ஃபிஷுக்கு 8 முதல் 2 வரையிலான முட்கள் வழக்கில் உள்ளன. மூடியின் அடியில் ஒட்டியிருந்த சிறிய தாளில், இவை இலங்கையில் கட்டப்பட்டவை என்று அச்சிட்டிருந்தது. கடைகளில் விற்கும் ஃப்ளைகளில் மிகப் பெரும்பாலானவை கென்யா, இலங்கை, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் பட்டறைகளில் கையால் கட்டப்படுகின்றன என்பதை முன்பே அறிந்திருந்தேன். ஆயினும் அந்தத் தாளைப் படித்தபோது, என் நாட்டில் ஏதோ ஒரு மேசைக்கு முன் அமர்ந்து, தாம் ஒருபோதும் காண வாய்ப்பில்லாத ஒரு மீனுக்காக நாளெல்லாம் நூல் சுற்றும் அந்தக் கைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கீழே நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அந்தக் கைகளைச் சேர்ந்தவை அல்ல. எந்தக் கண்ணை எந்த முள்ளில் வைக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தவர்களைச் சேர்ந்தவை.

கைவேலை உண்மையில் மிகச் சிறப்பாக இருந்தது. இருபத்துநான்கிலும் நூல்கட்டு இறுக்கமாக இருந்தது. தலைப்பகுதி சிறுத்து, பிசின் பூசி வழுவழுப்பாக முடிக்கப்பட்டிருந்தது. ஒரே வகையைச் சேர்ந்த ஆறு ஃப்ளைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இறக்கையின் நீளம் ஒன்றுக்கொன்று சிறிதும் மாறுபடவில்லை. நான் ஓர் இரவில் ஆறு கட்டினால் ஆறும் ஆறு விதமாக இருக்கும். முட்கள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. நகத்தின் மீது முனையை வைத்து இழுத்தால் வழுக்காமல் பதிந்து நிற்கும் அளவுக்குக் கூர்மை இருந்தது. முனைக்குப் பின்னால் எதிர்ப்புறமாக நீட்டியிருக்கும் எதிர்முள்ளை மட்டும் நாமே குறட்டால் நசுக்கிவிட வேண்டும். ஃப்ளோரிடாவில் போன்ஃபிஷைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். எதிர்முள் இல்லாத முள், மீனை நீரிலிருந்து தூக்காமலேயே கழன்றுவிடும்.

குறை எடையில் இருந்தது. இந்த ஃப்ளைகளுக்குக் கண் என்பது அழகுக்காக வைப்பதன்று. எடையுள்ள கண்ணை முள்தண்டின் மேற்புறத்தில் கட்டினால், நீருக்குள் ஃப்ளை தலைகீழாகப் புரண்டு முள்முனை மேல்நோக்கி நிற்கும். அதனால் புல்லிலும் பாறையிலும் மாட்டாமல் தரையை ஒட்டி வரும். அந்தக் கண்ணின் எடைதான் ஃப்ளை விழும் ஓசையையும் அமிழும் வேகத்தையும் தீர்மானிக்கிறது. கணுக்கால் ஆழத்துக்குக் கண்ணே இல்லாத ஃப்ளையோ நைலான் கண் வைத்ததோ போதும். முழங்கால் வரையிலான நீருக்கு விளக்குச் சங்கிலிகளில் கோத்திருப்பது போன்ற குழிவான உலோக மணிகள் இரண்டை வெட்டிக் கட்டுவார்கள். அதற்கும் மேலே போனால்தான் ஈயத்தாலோ பித்தளையாலோ ஆன, இரு முனைகளும் தடித்த டம்பெல் கண்கள் தேவைப்படும். அவை 1/50, 1/36, 1/24 அவுன்ஸ் எனப் பல எடைகளில் கிடைக்கின்றன. இந்தப் பெட்டியிலோ காட்சா, சார்லி, க்ளவுசர், மான்டிஸ் என்ற நான்கு வகைகளுக்கும் ஒரே அளவு டம்பெல் கண்ணே பொருத்தப்பட்டிருந்தது. மணிக்கண் ஒன்றில்கூட இல்லை. இருபது ஃப்ளைகள் நான்கு விதமாகத் தோன்றினாலும் நீருக்குள் அவை ஒரே ஃப்ளைதான்.

புறப்படுவதற்கு முன் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துப் படிகளில் இதைச் சோதித்துப் பார்த்தேன். முதல் படியில் நீர் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இருக்கும். பெட்டியிலிருந்த காட்சாவையும் நான் மணிக்கண் வைத்துக் கட்டிய காட்சாவையும் இடுப்பு உயரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விட்டேன். பெட்டியில் இருந்தது கூழாங்கல்லைப் போல ‘ப்ளக்’ என்று விழுந்து, ஒன்று எண்ணுவதற்குள் தரையில் இடித்து நின்றது. என்னுடையது நீரைத் தொட்ட ஓசையே கேட்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, இறக்கை நார்கள் மெல்ல விரிந்தசைய, மூன்று எண்ணும் வரை இறங்கியது. இரண்டிலும் ஒரே நிறம், ஒரே நீளம், ஒரே முள். கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குக் கனமானதே உறுதியான பொருளாகத் தோன்றும் என்பதை மறுக்க முடியாது. பெட்டியை நிரப்பியவர்கள் வாங்குபவரின் உள்ளங்கையை நினைத்து நிரப்பியிருக்கிறார்கள்.

ஆண்ட்ரோஸில் முதல் நாள் காலை நீர் பெருகத் தொடங்கிய வேளையில், கண்டல் மரங்களின் ஓரமாக முழங்காலுக்கும் கீழான நீரில் வால்கள் தெரிந்தன. மைத்துனர் குறை சொல்ல இடமில்லாமல் வீசினார்; ஃப்ளை மீனுக்கு இரண்டு மீட்டர் முன்னால் இறங்கியது. இறங்கிய கணத்திலேயே நீர் கொதித்தது போலாகி, மீன் போன இடத்தில் வெண்ணிறக் கலங்கல் மட்டுமே மிஞ்சியது. இரண்டாவது மீனும் மூன்றாவது மீனும் அவ்வாறே போயின. “நான் வீசுறதில ஏதும் பிழையோ, அத்தான்?” என்று கேட்டார். அவர் வீசியதில் ஒரு பிழையும் இல்லை. எங்களோடு வந்த வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கித் திறந்து, ஒவ்வொரு ஃப்ளையையும் உள்ளங்கையில் போட்டு இரண்டு முறை குலுக்கிப் பார்த்தார். நிறத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. நான்கு நண்டுகளை மட்டும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு என் பெட்டியிலிருந்து மணிக்கண் வைத்த 6ஆம் எண் காட்சா ஒன்றை எடுத்து மைத்துனரின் தங்கூசியில் (கயிற்றின் நுனியிலுள்ள நைலான் நரம்பில்) அவரே முடிந்தார். அடுத்த அரை மணி நேரத்தில் மைத்துனர் தம் வாழ்நாளின் முதல் போன்ஃபிஷைப் பிடித்தார். சுழலியிலிருந்த கயிறு தீர்ந்து, அடியில் சுற்றியிருந்த பின்கயிறும் பெரும்பகுதி வெளியே போன பிறகே அது நின்றது.

ஆனால் இந்தப் பெட்டிக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் மூன்றாம் நாளையும் சொல்ல வேண்டும். அன்று காற்று கடுமையாக இருந்தது. தீவை ஊடறுத்துச் செல்லும் நீர்வழிகளின் விளிம்பில், இடுப்பளவு நீரில், ஒரு பெருங்கூட்டம் தரையைக் கிளறிச் சுண்ணாம்பு கரைத்தது போல நீரைக் கலக்கிக்கொண்டிருந்தது. நீரோட்டமும் வேகமாக இருந்ததால் என் மணிக்கண் ஃப்ளைகள் தரையைத் தொடும் முன்பே மீன்களைக் கடந்து அடித்துச் செல்லப்பட்டன. அங்கே மைத்துனரின் கனமான ஃப்ளைகள் நேராக இறங்கின. அவர் அடுத்தடுத்து ஐந்து மீன்களைப் பிடித்தார், நான் அவரிடம் இரண்டு ஃப்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நீருக்கு இதைவிடச் சிறந்த தொகுப்பை நான் கட்டியிருக்க முடியாது. அந்த நீர் ஐந்து நாட்களில் ஒரு நாள்தான் எங்களுக்கு வாய்த்தது.

இனி வகைகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். காட்சா ஆண்ட்ரோஸிலேயே பிறந்த ஃப்ளை. தொடக்கத்தில் அதன் இறக்கைக்கு அங்கிருந்த ஒரு வாடகைக் காரின் உள்விரிப்பு நாரை வெட்டிப் பயன்படுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. முத்துப் பளபளப்புள்ள பின்னலால் உடல், வெளிறிய பழுப்பு நிறச் செயற்கை மயிரால் இறக்கை, சில இழை மினுமினுப்பு, இளஞ்சிவப்பு நூலால் மூக்கு, மணிக்கண் என்ற அந்தக் கட்டமைப்பை இன்றுவரை மேம்படுத்தத் தேவை ஏற்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த உடல் மணலின் நிறத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பாதி மறைந்துவிடுகிறது. உண்மையான இறாலும் அப்படித்தான் மறைகிறது. பெட்டியிலிருந்த ஆறிலும் உடலும் மூக்கும் சரியாக இருந்தன; இறக்கைதான் அளவுக்கு மீறி அடர்த்தியாக இருந்தது. மயிரைக் கட்டுவதற்கு முன் சீப்பால் வாரி அடிப்பஞ்சை நீக்காமல் விட்டிருக்கிறார்கள். அடர்ந்த இறக்கை காற்றைப் பிடித்துக்கொள்ளும், முதல் சில வீச்சுகளில் ஃப்ளை பக்கவாட்டில் சுழலும், முள்முனைக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள வாயையும் அடைத்துக்கொள்ளும். அடர்ந்த இறக்கைக்குக் கனமான கண், கனமான கண்ணை மறைக்க மேலும் அடர்ந்த இறக்கை என ஒரு தவறு இன்னொன்றைக் கூட்டி வந்திருக்கிறது.

கிரேஸி சார்லியும் ஆண்ட்ரோஸைச் சேர்ந்ததே. 1977இல் பாப் நாகைம் அங்கே மீன் பிடிக்கச் சென்றபோது, கண்ணாடி போன்ற சிறு மீன்களை போன்ஃபிஷ் துரத்துவதைக் கண்டு கட்டிய ஃப்ளை அது. அவரோடு இருந்த வழிகாட்டி சார்லி ஸ்மித்தின் பெயர் அதற்கு நிலைத்தது. வெள்ளிச் சரிகையின் மேல் தெளிந்த நைலான் நரம்பைச் சுற்றிச் செய்யும் உடல்தான் அதன் உயிர். ஒளி அந்த நரம்புக்குள் புகுந்து திரும்பும்போது உடலுக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது. பெட்டியிலிருந்தவற்றில் நரம்பு இல்லை. சரிகைக்கு மேல் பிசின் மட்டுமே பூசியிருந்தது. மீன்கள் அதை ஒரு குறையாகக் கருதின என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு ஃப்ளைக்கு ஒரு பெயரைச் சூட்டி விற்கும்போது அந்தப் பெயருக்குரிய உடலையும் கொடுப்பதே முறை. ஆறில் மூன்று பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில் இருந்தன. ஐந்து நாட்களில் வழிகாட்டி அவற்றை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

க்ளவுசரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பென்சில்வேனியாவின் சஸ்குவேஹன்னா ஆற்று மீன்களுக்காக பாப் க்ளவுசர் 1980களில் உருவாக்கிய அந்த ஃப்ளையில் டம்பெல் கண் இருப்பதே இயல்பு, இந்த நான்கும் அதற்கேற்பவே இருந்தன. மான்டிஸ் இறால்கள் எதிர்பாராத வகையில் நன்றாக அமைந்திருந்தன. ரப்பர் கால்கள் இழுப்பை நிறுத்திய பிறகும் அசைந்துகொண்டிருந்தன, கொம்புபோல நீண்ட கண்கள் பிசினால் உறுதியாக நின்றன. ஆழம் மட்டும் ஒத்துவந்தால் முதலில் இதைத்தான் எடுப்பேன். இவற்றில் இரண்டில் டம்பெல் கண் ஒரே நாளில் தண்டின் மீது சுழன்று பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. அதன் பிறகு ஃப்ளை முள்முனையைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு படுத்தே வந்தது. எட்டு வடிவில் நூல் சுற்றிய பின், கண்ணுக்குக் கீழே தண்டைச் சுற்றியும் சில சுற்றுகள் போட்டு இறுக்கி, ஒரு சொட்டு விரைவுப் பசை வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. பட்டறையில் நேரத்தை மிச்சப்படுத்தும் முதல் இடம் இந்தப் பசைச் சொட்டுதான் என்று நினைக்கிறேன்.

மெர்கின் நண்டுகளுக்காக மட்டுமே இந்தப் பெட்டியை வாங்கியிருந்தாலும் நான் வருந்தியிருக்க மாட்டேன். பெர்மிட் என்ற மீனை ஃப்ளையால் பிடிப்பது ஏறத்தாழ இயலாதது என்று கருதப்பட்ட காலத்தில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டெல் பிரவுன் கம்பளி போன்ற தடித்த நூல்துண்டுகளை முள்தண்டுக்குக் குறுக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, தட்டையாகக் கத்தரித்து இந்த நண்டை உருவாக்கினார். தம் வாழ்நாளில் 513 பெர்மிட்களை ஃப்ளையால் பிடித்தார் என்று அவரைப் பற்றிப் பதிவு உண்டு. இங்கே கனம் குறையன்று, அதுவே தேவை. ஆபத்தை உணர்ந்த நண்டு மிதந்துகொண்டிருக்காது, தரையை நோக்கிச் சாய்வாகப் பாய்ந்து மணலுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு முனையில் கனமான கண் இருப்பதால் மெர்கினும் அவ்வாறே சாய்ந்து பாய்கிறது. வீசிய பின் இழுக்காமல் விட்டுவிடுவதே அதைப் பயன்படுத்தும் முறை. பெட்டியிலிருந்த நான்கிலும் பழுப்பும் வெளிர் பழுப்பும் மாறிமாறி வந்தன, பச்சை நூலும் சிவப்பு நுனி கொண்ட ரப்பர் கால்களும் மரபுப்படி இருந்தன. ஓடு மெல்லியதாகவும் இருபுறமும் சமமாகவும் கத்தரிக்கப்பட்டிருந்தது. நானே கட்டும் நண்டுகள் எப்போதும் ஒரு பக்கம் தடித்து, விழும்போது நாணயத்தைப் போலச் சுழல்கின்றன. இவை சுழலவில்லை. நான்காம் நாள் ஒரு பெர்மிட் என் நண்டின் பின்னால் வந்து, தலையைத் தாழ்த்தி, வால் வெளியே தெரிய நின்று, பின் விலகிப் போயிற்று. அந்தச் சில நொடிகளுக்காகவே அடுத்த ஆண்டும் போவேன்.

பிஸ்கெய்ன் விரிகுடாவில் இன்னொரு குறை வெளிப்பட்டது. ஆண்ட்ரோஸின் தரை வெளிறிய மணல்; அங்கே வெண்மை, மணல் நிறம், இளஞ்சிவப்பு ஆகியவை இயல்பாகப் பொருந்தும். இங்கே தரை அடர்ந்த கடற்புல். இறாலும் நண்டும் இங்கே பாசிப்பச்சையாகவும் கரும்பழுப்பாகவும் இருக்கின்றன, ஏனெனில் வேறு நிறத்தில் இருந்தவை ஏற்கெனவே உண்ணப்பட்டிருக்கும். நண்டுகளைத் தவிர இந்தப் பெட்டியில் அடர்நிறத்தில் ஒன்றுகூட இல்லை. இங்குள்ள மீன்கள் ஆண்ட்ரோஸின் சராசரி மீனைவிடப் பெரியவை, மேலும் பல தூண்டில்களைக் கண்டு பழகியவை. பெரியவை புல்லுக்குள் வாழும் தேரை மீன்களையும் உண்பதால் சற்றுப் பெரிய, கருத்த ஃப்ளையை நம்பலாம். புல்லில் மாட்டாமலிருக்க முள்ளின் முன்னால் நைலான் நரம்பால் வைக்கும் தடுப்பும் இங்கே கட்டாயம். பெட்டியிலிருந்த எதிலும் அது இல்லை. அறிவிப்பில் ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தார்கள். பஹாமாஸ் என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின் எஞ்சிய காட்சாக்களைத் திருத்த முயன்றேன். இறக்கையில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு பிடித்து, மேலிருந்து நேராக வெட்டாமல், கத்தரியைச் சாய்த்துச் சில மயிர்களாகக் களைந்தேன். வீச்சின்போது சுழல்வது நின்றது. கண்ணை மாற்ற முடியவில்லை. மூக்குப் பகுதியின் நூலை அறுத்தால் ஃப்ளை முழுவதும் அவிழ்ந்துவிடும். சாய்ந்துபோன இரண்டு மான்டிஸ்களின் கண்களை நேராக்கிப் பசை வைத்தேன், அவை இப்போது உறுதியாக இருக்கின்றன. புதிதாக வாங்குபவர்கள் பயணத்துக்கு முந்தைய இரவே எல்லாக் கண்களின் அடியிலும் ஒரு சொட்டுப் பசை வைத்துவிடலாம். ஐந்து நிமிட வேலைதான்.

என் சொந்தப் பெட்டியில் ஒவ்வொரு வகையையும் மூன்று எடைகளில் கட்டி வைத்திருக்கிறேன். எடையை நூலின் நிறத்தால் அடையாளப்படுத்துவது கட்டுபவர்களிடையே உள்ள பழைய வழக்கம். கண்ணே இல்லாததற்கு வெள்ளை, மணிக்கண்ணுக்கு இளஞ்சிவப்பு, டம்பெல்லுக்குச் சிவப்பு என்பது என் வழக்கம். வெயிலில், நீருக்குள் நின்றுகொண்டு, மீன் வரும் திசையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஃப்ளையை மாற்ற வேண்டிய நேரத்தில் அந்த நூல் நிறம் எவ்வளவு உதவும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். இருபத்துநான்கு ஃப்ளைகளை ஐந்து வகையாகப் பிரிப்பதற்குப் பதிலாக, காட்சாவையும் மான்டிஸையும் மட்டும் எடுத்து, மூன்று எடையிலும் இரண்டு நிறத்திலும் அடுக்கி, மீதி இடத்தில் நண்டுகளை வைத்திருந்தால் இதே விலைக்கு இதைவிட இருமடங்கு பயனுள்ள பெட்டி கிடைத்திருக்கும். கடைக்கு இதை விளக்கமாக எழுதி அனுப்பினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

விலையைப் பொறுத்தவரை ஒன்று மூன்றரை டாலர் என்பது நேர்மையான விலைதான். நானே கட்டினால் பொருட்செலவு அதில் பாதிக்கும் குறைவு என்றாலும், முள்ளைப் பற்றி நிறுத்தும் நல்ல வைஸ் ஒன்று, நூற்சுருளைத் தாங்கும் பாபின், கத்தரி, நூல், மயிர், பின்னல், முட்கள் என முதல் செலவு இந்தப் பெட்டியைப் போலப் பல பெட்டிகளுக்குச் சமம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கடலுக்குப் போகிறவர் பணத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கட்டப் பழக வேண்டியதில்லை. தமக்கு வேண்டிய எடையில் வேண்டும் என்று நினைப்பவர் பழகிக்கொள்ளலாம். காட்சாவைக் கற்பதற்கு இரண்டு மாலைப் பொழுதுகள் போதும். வாங்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு, தொகுப்பை விட்டுவிட்டு மெர்கின்களை ஒவ்வொன்றாக வாங்குங்கள், காட்சாவை மணிக்கண் வைத்துக் கட்டித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள் என்பேன். இடுப்பளவு நீரும் வேகமான நீரோட்டமும் உள்ள இடங்களுக்குப் படகிலிருந்து வீசப் போகிறவர்கள் இந்தப் பெட்டியைத் தயங்காமல் முழுவதுமாகவே வாங்கலாம்.

இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் பெட்டியில் பதினேழு ஃப்ளைகள் மிஞ்சியுள்ளன. மூன்றைப் பாராக்குடாக்கள் தங்கூசியோடு கடித்துக்கொண்டு போயின, மூன்று பாறையிலும் கண்டல் வேரிலும் சிக்கி அறுந்தன, ஒரு நண்டை வழிகாட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நாள் மாலையும் நன்னீரில் அலசி, உலர்ந்த பின்பே மூடியதால் எந்த முள்ளிலும் துருப் படியவில்லை. செம்மஞ்சள் சார்லிகள் மூன்றும் வாங்கியபோது இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மெர்கின்கள் மூன்றையும் என் பெட்டிக்கு மாற்றிக்கொண்டுவிட்டேன்.